காய் பாஹிஜே?



மாதம் தவறாமல் நம் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு பட்டியல் வந்துவிடும். முன்பெல்லாம் தபாலில் வந்தது, இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் கொரியச் சொல்லோ ஜப்பானியச் சொல்லோ ஆங்கிலச் சொல்லோ இருக்கும். கொரியாவிலும் அப்பாவுக்கு அப்பாதான். ‘வா’ என்றால் அங்கேயும் வருவார்கள். அடியில் கொட்டை எழுத்தில் ‘தமிழ் ரத்தம் ஓடினால் வெளியிடவும்’ என்று ஒரு கட்டளை. இதுவரை ஒன்றையும் வெளியிடவில்லை. ஆசிரியருக்குத் தமிழ்ப்பற்று போதவில்லை என்று மும்பை மாட்டுங்காவிலிருந்து ஒரு பெரியவர் கோபமாகவே எழுதிவிட்டார். அவருக்குப் பதில் சொல்லக் கொரியா வரை போக வேண்டியதில்லை. அவர் வீட்டுப் பக்கத்துக் காய்கறி மார்க்கெட்டே போதும்.

ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கும் ஓர் அம்மா பையோடு அங்கே போய் நிற்கிறார் என்று வையுங்கள். கடைக்காரர் மராத்திக்காரர். ‘காய் பாஹிஜே?’ என்கிறார். என்ன வேண்டும் என்று கேட்கிறார். மராத்தியில் ‘காய்’ என்றால் ‘என்ன’. அம்மாவின் காதில் விழுவது நம் காய். ‘ஆமாப்பா, காய்தான் வேணும்’ என்கிறார். வெண்டைக்காய் கைமாறுகிறது, காசு கைமாறுகிறது, இருவருக்கும் திருப்தி. ஒருவர் பேசியது மற்றவருக்குப் புரியவில்லை என்பது இருவருக்குமே தெரியாது. மராத்திக் காய் ஒரு கேள்விச் சொல். இந்தியின் ‘க்யா’வும் அதுவும் ஒரே குடும்பம். நம் காயோ காய்ப்பது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இந்த நகரத்தில் வாழும் தமிழர்களுக்கு இப்படிப்பட்ட சொற்களைத் தேடிப் போகவே வேண்டாம், அவையே காலில் இடறும். தாராவியைப் பாருங்கள். குயவர்கள் சக்கரம் சுற்றும் கும்பார்வாடா ஒரு பக்கம், கோலி மீனவர்களின் கோலிவாடா இன்னொரு பக்கம். மராத்தியில் ‘வாடா’ என்றால் குடியிருப்பு. திருநெல்வேலியிலிருந்து முதல்முறையாக வந்து இறங்கும் பையனுக்கு எப்படிக் கேட்கும்? யாரோ கோலி என்ற ஒருத்தனை வாடா, வாடா என்று எல்லாரும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பதாகக் கேட்கும். அந்த ‘வாடா’வின் ஒலியில் ஒரு மயிரிழைகூட வித்தியாசம் கிடையாது.

மராத்திக் குழந்தை ‘ஆயி’ என்று கத்தினால் அம்மாவைக் கூப்பிடுகிறது. தமிழ்க் குழந்தை ‘ஆயி’ என்றால் நாம் அதைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் ஓடுவோம். இந்திக்காரர் ‘ஆயி’ என்றால் யாரோ ஒரு பெண் வந்துவிட்டாள். ஒரே சாலில் இந்த மூன்று வீடும் அடுத்தடுத்து இருப்பதுண்டு. அந்தச் ‘சால்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்களேன். வரிசை வீடுகள் கொண்ட மராத்திச் சாள் நம் வாயில் ‘சால்’ ஆனது. ஊரில் சால் என்றால் ஏர் கிழித்த கோடு, அல்லது தண்ணீர் ஊற்றி வைக்கும் பெரிய மிடா. இந்தியில் நடையும் ‘சால்’, சூழ்ச்சியும் ‘சால்’.

விசாலாட்சி என்று பெயர் வைத்து வீட்டில் ‘சாலா’ என்று செல்லமாகக் கூப்பிட்ட குடும்பங்கள் இங்கே பட்ட பாட்டைச் சொல்ல வேண்டுமா? இந்தியில் அது மைத்துனன். தெருவில் அதுவே வசவு. ஜன்னலில் நின்று சாலா, சாலா என்று மகளை அழைத்தால் கீழே போகிறவர்கள் நிமிர்ந்து பார்க்காமல் என்ன செய்வார்கள்? இதற்கு நேர் எதிராக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருந்தும் சமாதானமாகவே வாழ்ந்துவிடுகிற சொற்களும் உண்டு. தென்தமிழ்நாட்டில் சின்னப் பெண்ணைக்கூட ‘என்ன தாயி’ என்று கேட்போம். மராத்தியில் ‘தாயி’ என்றால் அக்கா. தெருவில் ஒரு பெண்ணை அப்படிக் கூப்பிட்டால் எந்த மொழிக்காரருக்கும் குறை தோன்றாது.

சரி, இப்படி ஏன் ஆகிறது?

பவணந்தி முனிவர் நன்னூலில் ஓரெழுத்து ஒருமொழிகளை எண்ணி வைத்திருக்கிறார். மொத்தம் 42. ஆ என்றால் பசு, ஈ என்றால் கொடு, பறக்கும் ஈயும் அதுவே. ஒற்றை எழுத்துக்குள் இத்தனை பொருளை அடக்குகிறோம் என்று பள்ளியில் நாம் பெருமைப்பட்டிருக்கிறோம், பெருமைப்படலாம்தான். ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். உயிர் 12, மெய் 18, பெருக்கினால் 216 உயிர்மெய். குட்டிச் சொல் செய்ய நம்மிடம் இருக்கும் சரக்கு அவ்வளவுதான். மற்ற மொழிகளின் கையிருப்பு கொஞ்சம் கூடலாம், குறையலாம். எல்லோருக்கும் நாக்கு ஒன்று, உதடு இரண்டு. உலகில் ஏறத்தாழ 7,000 மொழிகள் இருக்கின்றன. இத்தனை மொழிகளும் சின்னச் சொற்களுக்கு அந்தக் கொஞ்ச ஒலிகளையே திரும்பத் திரும்ப எடுத்தாள்கின்றன. காலை நேர ஹார்பர் லைன் வண்டி மாதிரிதான்: மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளும் ஒட்டி உட்கார்ந்திருப்பார், அதனால் நால்வரும் உறவினர் ஆகிவிடமாட்டார்கள்.

‘மா’ என்ற ஓர் எழுத்தில் நமக்கு மாமரம் உண்டு, விலங்கு உண்டு, மாவு உண்டு, பெரியது என்ற பொருள் உண்டு, இருபதில் ஒரு பங்கு என்ற கணக்கும் உண்டு. இந்திக்காரருக்கு மூக்கொலியோடு அது அம்மா. வடமொழியில் ‘மா’ என்றால் செய்யாதே என்ற தடை. நன்னூலின் 42இல் குறிலாக வருபவை இரண்டே: நொ, து. ‘து’ என்றால் உண். அதையே நெடிலாக்கி ‘தூ’ என்றால் நமக்குத் தூய்மையும் வரும், துப்புவதும் வரும்; இந்தியில் நெருக்கமானவர்களைக் கூப்பிடும் நீ. புதிதாக இந்தி கேட்கும் தமிழ்ப் பாட்டிக்குப் பேரனின் நண்பர்கள் ஒருவர்மேல் ஒருவர் துப்பிக்கொண்டே பேசுவதாகத் தோன்றினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இதில் நம் எழுத்துமுறை தன் பங்குக்கு ஒரு குழப்பத்தைச் சேர்க்கிறது. க, ச, ட, த, ப என்று வல்லினத்துக்கு வரிசைக்கு ஓரெழுத்துதான். அதனால் ‘பாய்’ என்று எழுதினால் அது விரிக்கிற பாயாக இருக்கலாம், கப்பலின் பாயாக இருக்கலாம், குதிக்கச் சொல்லும் ஏவலாக இருக்கலாம்; இந்தி அண்ணன், டெலிவரி பாய், விடைபெறும் பாய் என்று எல்லோரும் அந்த ஒரு பாயிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். வாயால் சொல்லும்போது மும்பைத் தமிழர் இவற்றைப் பிரித்தே சொல்கிறார்கள். நம் பத்திரிகையைப் பிழைதிருத்துபவருக்குத்தான் திண்டாட்டம்.

தமிழுக்கு மட்டும் நேரும் விபத்தல்ல இது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ம்பபரம் என்றொரு பழங்குடி மொழி இருந்தது. அதை ஆராய்ந்த மொழியியலாளர் டிக்சன், நாய்க்கு உங்கள் மொழியில் என்ன சொல் என்று விசாரித்தார். ‘டாக்’ என்று பதில் வந்தது. ஆங்கிலேயரிடம் கற்றதாக இருக்குமோ என்று யாருக்கும் சந்தேகம் வரும். இல்லை. சுற்றியிருக்கும் உறவு மொழிகளில் நாய்க்கு ‘குடகா’ போன்ற வடிவம் இருக்கிறது. ம்பபரம் மொழி சொற்களின் தலையையும் வாலையும் தேய்த்துத் தேய்த்துக் கடைசியில் அந்த இடத்துக்கு வந்து நின்றிருக்கிறது. ஆங்கில டாக் தன் வழியில் வந்தது, இது தன் வழியில் வந்தது. நமக்குப் பக்கத்திலேயே இன்னொன்று உண்டு. பத்மாஷ், பத்நாம் என்று பம்பாய் இந்தியில் திட்டுகிறோமே, அந்தப் ‘பத்’ பாரசீகம், பொருள், கெட்ட. ஆங்கிலத்திலும் கெட்டதற்குக் கிட்டத்தட்ட அதே ஒலி. இரண்டும் தூரத்து உறவுள்ள மொழிகளே, ஆனாலும் இந்த இரு சொற்களுக்குள் உறவில்லை.

கொரிய அப்பாவுக்கு வருவோம், இல்லாவிட்டால் மாட்டுங்காப் பெரியவர் விடமாட்டார். அப்பா, அம்மா, மாமா, பாப்பா எல்லாம் குழந்தையின் வாய் முதலில் செய்யக் கற்கும் ஒலிகள். உதட்டை மூடித் திறந்தால் ‘ப’வும் ‘ம’வும் வந்துவிடும். குழந்தை சும்மா உளறுவதைக் கேட்டு ‘என்னைத்தான் கூப்பிடுகிறது’ என்று பெற்றவர்கள் எல்லா நாட்டிலும் பூரித்துப்போகிறார்கள். ரோமன் யாக்கப்சன் 1960இல் வெளியான ஒரு கட்டுரையில் இதை அழகாக விளக்கினார். ஜார்ஜியா நாட்டு மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா, ‘தெதா’ என்றால் அம்மா. குழந்தை எல்லா ஊரிலும் ஒன்றுபோலத்தான் உளறுகிறது. அது யாருடைய பெயர் என்பதைப் பெரியவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். மராத்தி ஆயியும் பழந்தமிழின் யாயும் காதில் பக்கத்தில் பக்கத்தில் ஒலிப்பதை வைத்து உடனே உறவு கொண்டாட நான் தயங்குவது இதனால்தான்.

கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். ஜப்பானில் சுசுமு ஓனோ தமிழுக்காகப் பல ஆண்டுகள் வாதாடினார். இருவரும் உழைப்பாளிகள், வாட்ஸ்அப்பில் எடுத்துப் போடுகிறவர்கள் அல்லர். அவர்கள் முடிவை மொழியியலாளர்களில் பெரும்பாலானோர் இன்றுவரை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் உண்மையான உறவை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கும் மாட்டுங்கா போதும். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் உடுப்பி ஓட்டல்களில் ஒரு கன்னடக்காரரைப் பிடித்துக்கொள்ளுங்கள். நமக்குப் பால், அவருக்கு ஹாலு. நம் பல் ஹல்லு, பத்து ஹத்து, புலி ஹுலி, பாம்பு ஹாவு, பூ ஹூவு. நம் பகரம் வரும் இடத்தில் அங்கே வரிசையாக ஹகரம் வருகிறது. கன்னடத்தில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முன் தொடங்கிய மாற்றம் இது. ஒரு சொல் ஒத்துப்போனால் தற்செயல். இப்படி ஒரே விதிப்படி கூட்டமாக மாறினால் உறவு. இந்தியில் முடியைப் ‘பால்’ என்கிறார்கள், எழுத்தில் நம் பாலேதான். மராத்தியில் ‘பால்’ என்றால் பல்லி. பாலில் பால் விழுந்துவிட்டது என்று இரண்டு மொழியைக் கலந்து சொல்லலாம், வீட்டில் யாரும் காபி குடிக்கமாட்டார்கள். அந்த இரண்டு பாலும் நமக்கு அந்நியம். ஒலியில் விலகிப்போன ஹாலுதான் சொந்தம்.

எனக்கு மிகவும் பிடித்தது மோர். தமிழ் மோரை இந்திக்காரரிடமோ மராத்திக்காரரிடமோ கேட்டால் மயிலைக் காட்டுவார். அங்கே ‘மோர்’ என்றால் மயில். வேடிக்கை இதோடு முடியவில்லை. அந்த மோர் வடமொழியின் ‘மயூர’த்திலிருந்து தேய்ந்து வந்தது. மயூரமோ நம் மயிலோடு தொடர்புடைய திராவிடச் சொல்லிலிருந்து வடமொழிக்குப் போனது என்பது பல அறிஞர்கள் கருத்து. திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை எமனோவோடு சேர்ந்து 1961இல் வெளியிட்ட பரோவும் அவர்களில் ஒருவர். ஆக, மோரைப் போலவே இருக்கும் மோர் யாரோ. மோரைப்போல் இல்லாத மயில்தான் அதன் உறவு.

ஆயிரத்தையும் ஹஜாரையும் பக்கத்தில் வைத்தால் யாருக்காவது ஐயம் தோன்றுமா? வடமொழி ‘ஸஹஸ்ர’, கன்னடத்தில் ‘ஸாவிர’, நம்மிடம் முன்னிருந்த ஸகரமும் போய் ‘ஆயிரம்’ என்று மொழியியலாளர் காட்டும் வழி ஒன்று. அதே ஸஹஸ்ரத்தின் உடன்பிறப்பு பாரசீகத்தில் ‘ஹஜார்’. அதை இந்தி வாங்கிக்கொண்டது. வடமொழி ஸகரம் பாரசீகத்தில் ஹகரமாகும். ஸப்த என்ற ஏழு அங்கே ‘ஹஃப்த்’, அதனால் ஏழு நாள் கொண்ட வாரம் ‘ஹஃப்தா’. தெருவோரம் கடை போட்டவரிடம் வாரம் தவறாமல் வசூலிக்கிறார்களே, அந்த ஹஃப்தாவும் இதுதான். சப்தஸ்வரத்துக்கு உறவு என்று அதைக் கேட்டால் சண்முகானந்த சபையில் கச்சேரி கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். என்ன செய்வது, உறவினரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை.

மும்பையின் சொந்தச் சொல் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் பலர் ‘பாவ்’ என்ற ரொட்டியின் பெயரைக் காட்டுவார்கள். வடா பாவ் 1966 வாக்கில் தாதர் ஸ்டேஷன் வெளியே தொடங்கியது என்று பரவலாகச் சொல்கிறார்கள். அந்த ரொட்டியின் பெயர் போர்த்துகீசியம். 1534இல் பசைன் உடன்படிக்கையில் போர்த்துகீசியர் கைக்கு வந்த இந்தத் தீவுகள், 1661இல் கேத்தரீன் இளவரசியின் கல்யாணச் சீராக ஆங்கிலேய மன்னருக்குப் போயின. ஆட்சி போனபின்னும் ரொட்டி தங்கிவிட்டது. காலால் மிதித்து மாவு பிசைந்ததால் பாவ் என்றும், நாலு துண்டாக வருவதால் பாவ் என்றும் கதைகள் உலவுகின்றன. இந்தியில் கால் பாதம் ‘பாவ்’, கால் கிலோவும் ‘பாவ்’ என்பதால் பிறந்த கதைகள் இவை. ரொட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் அந்த மற்ற இரண்டு பாவையும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இரண்டுமே வடமொழிப் ‘பாத’த்திலிருந்து வந்தவை. பாதம் என்றால் காலும், நாலில் ஒன்றும். தமிழில்? நடப்பதும் கால், நாலில் ஒரு பங்கும் கால். ஒலியில் துளி ஒற்றுமை இல்லை, எண்ணத்தில் அப்படியே ஒற்றுமை. நாலுகால் மாட்டைக் கட்டி மேய்த்த இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி கணக்குப் போட்டிருக்கின்றன என்றுதான் தோன்றுகிறது. பட்டியல் போடுகிற நண்பர்கள் இதைப் போட்டு அனுப்பினால் உடனே வெளியிடுவேன்.

சாவியும் போர்த்துகீசியர் விட்டுப்போனது. மராத்தியும் நாமும் ஆளுக்கொரு பக்கம் வாங்கிக்கொண்டோம். ஆனால் ஊரில் விவசாயியிடம் ‘சாவி’ என்றால் பூட்டு நினைவுக்கு வராது. தண்ணீர் இல்லாமல் மணி பிடிக்காமல் போன பயிர் சாவி. செத்துப்போன பயிர், சாவிலிருந்து பிறந்த சொல். ஒரே மொழிக்குள் இரண்டு சாவி, இரண்டு பிறப்பு. பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களுக்கு மூன்றாவது சாவி ஒருவர் உண்டு: ‘வாஷிங்டனில் திருமணம்’ எழுதிய சா. விஸ்வநாதன், முதலெழுத்துகளைச் சேர்த்துப் புனைபெயராக்கிக்கொண்டவர்.

செம்பூர் வாசகர்களிடம் ஒரு வார்த்தை. செம்மை சேர்ந்த ஊர் செம்பூர், ஆகவே அந்தக் காலத்திலேயே இங்கே தமிழர் ஆண்டார்கள் என்று இரண்டு கட்டுரைகள் வந்தன. மராத்தியர்கள் நண்டைக் குறிக்கும் ‘சிம்போரி’யிலிருந்து அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். கடலோரச் சதுப்பு நிலத்துக்கு நண்டு பொருத்தமாகத்தான் இருக்கிறது. மாட்டுங்காவை ‘மாட்டுங்க’ என்று நாம் கேட்டுச் சிரித்தாலும், யானையைக் குறிக்கும் மாதங்கத்திலிருந்து வந்தது என்றொரு கருத்து உண்டு. சயானில் இன்னும் சுவாரசியம். போர்த்துகீசியப் பாதிரிமார் எருசலேமின் சீயோன் மலையை நினைத்து வைத்த பெயர் என்பார்கள் சிலர். மராத்தியில் அந்த இடம் ‘ஷீவ்’, அதாவது எல்லை. பம்பாய்த் தீவு முடியும் இடம். எபிரேய மலையும் மராத்தி எல்லையும் ஒரே ஸ்டேஷனில் நிற்கின்றன. நம்மில் சிலர் அங்கே சிவனையும் கொண்டுவந்து நிறுத்தப் பார்க்கிறார்கள்.

தமிழர் இந்த நகரத்துக்குச் செய்தது இதிலெல்லாம் இல்லை. தாராவித் தோல் பதனிடும் தொட்டிகளில் நின்ற திருநெல்வேலிக்காரர்களின் உழைப்பு இருக்கிறது. மாட்டுங்காவில் 1932இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் இருக்கிறது. நண்டின் ஊரை நாம் பறித்துக்கொண்டு எழுத வேண்டிய அளவுக்கு நம் பக்கங்கள் காலியாக இல்லை.

இனி உங்கள் முறை. உங்கள் சாலில், உங்கள் பில்டிங்கில், பள்ளியில், ரயிலில் இப்படி மோதிக்கொண்ட இரண்டு சொற்களை எழுதி அனுப்புங்கள். யார் யாரிடம் எதைச் சொல்லப்போய் என்ன ஆயிற்று என்பது வேண்டும். எந்த இடம் என்பதும் வேண்டும். வீட்டில் மூன்று மொழி பேசும் பிள்ளைகள் எழுதினால் முதலில் அவர்களுடையதுதான் அச்சேறும். அவர்கள் காதுக்கு நம்மைவிடக் கூர்மை அதிகம். உறவு இருக்கிறது என்று வாதாடுகிறவர்கள் ஒரு சொல்லோடு நிறுத்தாமல், ஹாலு-ஹல்லு போல வரிசையாக நாலைந்தாவது காட்டுங்கள். மாட்டுங்காப் பெரியவருக்கும் இதே நிபந்தனைதான். அவர் காட்டினால் அடுத்த இதழில் இந்தப் பக்கத்தையே அவருக்குக் கொடுத்துவிடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். கதவுத் தாழ்ப்பாளுக்கு இந்தியில் என்ன பெயர், அதைக் கேட்டு உங்கள் வீட்டு விருந்தாளி எப்படித் துள்ளி எழுந்தார் என்பதை மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதைப் பற்றி ஏற்கெனவே ஒரு கட்டுக் கடிதம் இருக்கிறது. எல்லாவற்றையும் படித்துவிட்டோம், ஒன்றையும் அச்சிட வழியில்லை.

அன்புடன்,
ஆசிரியர்